வாசலோடு நின்ற வாத்தியார்

மாணவர்களை விண்வெளி மையத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பிவைக்கிற வேலைக்கு வேண்டிய முதல் தகுதி, நமக்கு உள்ளே போகிற ஆசை இல்லாமல் இருப்பது. அந்தத் தகுதி எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே உள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் நான். எட்டு வருஷம் இன்னொரு பொறுப்பும் என் தலையில் இருந்தது. கடலோரத்தில் இருக்கும் அரசு விண்வெளி மையம் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு மாதப் பயிற்சி தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கிறவர்களின் காகிதங்களைச் சரிபார்க்க வேண்டும். தேர்வானவர்களுக்கு ஒரு நாள் அறிமுக வகுப்பு எடுக்க வேண்டும். பிறகு சேலம் ஜங்ஷனில் ரயில் ஏறி, கூடவே போய், மையத்தின் வாசலில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அனுமதிச் சீட்டு மாணவர்களுக்கு மட்டும்தான். கூடப் போகும் ஆசிரியர் வரவேற்பறையோடு சரி. பிள்ளைகளை எங்கெங்கோ ஏற்றிவிட்டு, தான் மட்டும் வாசலில் நின்ற ஆசிரியர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் என்னிடம் பெருந்தன்மையைப் பற்றிப் பேச வந்துவிடுவார்கள்.

அறிமுக வகுப்பு

அறிமுக வகுப்பு என்றால் சும்மா இல்லை. போன் கொண்டுபோகக் கூடாது, பென்டிரைவ் சட்டைப்பையில் மறந்து கிடந்தாலும் வம்பு, அடையாள அட்டை கழுத்தை விட்டு இறங்கக் கூடாது, சொல்லாமல் எதையும் தொடக் கூடாது என்று ஆரம்பித்து, நான் மெல்ல உள்ளே போய்விடுவேன். ராக்கெட்டின் பாகங்களைப் பொருத்துகிற கூடம் எவ்வளவு உயரம், அதன் கதவு திறக்க எவ்வளவு நேரம் ஆகும், உள்ளே நுழையும்போது எப்படிக் காலணியை மாற்றித் தலைக்கு உறை போட வேண்டும், எல்லாம் சொல்வேன். முதல் தடவை அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றுகூடச் சொல்வேன். படித்ததும், வீடியோவில் பார்த்ததும், திரும்பி வந்த பிள்ளைகளிடம் துருவித் துருவிக் கேட்டதும் சேர்ந்து அப்படி ஒரு சரளம் வந்திருந்தது.

ஒரு வருஷம், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தான். முடிந்ததும், "நீங்க எந்த வருஷம் சார் உள்ள போனீங்க?" என்று கேட்டான். நான் போனதில்லை என்றேன். கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன், அப்படிச் செய்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவன் பேனாவை மூடிவிட்டு நிஜமான அக்கறையோடு கேட்டான்: "அப்ப இதெல்லாம் நீங்க போறப்ப வேணும்னு சேத்து வெச்சதுங்களா சார்?"

வரவேற்பறை

வாசலில் நடப்பது எல்லா வருஷமும் ஒன்றுதான். பிள்ளைகளின் பையைச் சோதிப்பார்கள், படம் எடுப்பார்கள், அட்டை கொடுப்பார்கள். பிறகு உள்ளிருந்து ஒரு பஸ் வரும். அதுவரைக்கும் "சார், சார்" என்று என் பின்னால் நின்றதெல்லாம் பஸ்ஸைப் பார்த்ததும் என்னை மறந்துவிடும். ஜன்னலோர இடத்துக்குத் தள்ளுமுள்ளு வேறு. பஸ் ஒரு திருப்பத்தில் மறையும் வரை நான் கண்ணாடிச் சுவரோரம் நின்று பார்ப்பேன். வழியனுப்புகிறேன் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் ஏதாவது கோபுரத்தின் நுனியாவது தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்ப்பேன்.

அங்கே காவலுக்கு இருந்தவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நம் ஆத்தூர்க்காரர். ஊர் தெரிந்ததில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் உரிமை வந்துவிட்டது. அவர் தினமும் சைக்கிளில் உள்ளே போய் வருகிறவர் என்பது தெரிந்ததும் அந்த உரிமை எரிச்சலாக மாறியது. அவருக்கு ராக்கெட்டில் எந்த ஆர்வமும் கிடையாது. ஏவுகிற நாளில் டீ லேட்டாக வரும் என்பதுதான் அவருடைய ஒரே வருத்தம். நான் எக்கிக்கொண்டிருந்ததை மூன்றாவது வருஷம் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்: "போன வருஷமும் இப்படித்தான் எட்டிப் பாத்தீங்க சார், அந்தத் திருப்பம் தாண்டுனா வெறும் வேலிக்காத்தான் மரம்தான்."

காய்ச்சல் வந்த வருஷம்

ஒரே ஒரு வருஷம் டெங்கு வந்து படுத்துவிட்டேன். என்னுடைய இடத்தில் மெக்கானிக்கல் துறை சிவக்குமாரை அனுப்பினார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் ரயிலில் ஏறினால் தூங்குவது, இறங்கினால் சாப்பிடுவது தவிர வேறு நாட்டம் இல்லாதவர். அந்த வருஷம் பார்த்து மையத்தில் யாருக்கோ தாராளம் வந்து, கூட வந்த ஆசிரியர்களும் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். சிவக்குமாரை பஸ்ஸில் ஏற்றி, காலையிலிருந்து சாயங்காலம் வரை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

எனக்கு இது படுக்கையில் கிடக்கும்போது ஒரு போட்டோவாக வந்து சேர்ந்தது. வரவேற்பறை வாசலில், கழுத்தில் பார்வையாளர் அட்டையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். ரத்தத் தட்டணுக்கள் ஏறத் தொடங்கிவிட்டன என்று டாக்டர் சொன்ன நாள் அது. என் மனைவிக்கு மகிழ்ச்சி. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போனதும் கேட்கக் கூடாது என்று இரண்டு நாள் வைராக்கியமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் கேன்டீனில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். அந்தக் கூடம் எப்படி இருந்தது, ஏவுதளத்துக்கு எவ்வளவு பக்கத்தில் போனீர்கள், என்ன சத்தம், என்ன வாசனை என்று கேட்டேன். அவர் உளுந்தையும் வெங்காயத்தையும் தனித்தனியாகப் பிரிப்பதுபோல வடையைப் பிய்த்துக்கொண்டே யோசித்தார். அவருக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் மதியச் சாப்பாட்டு ரசம் மட்டும்தான். என் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாகவே சொன்னார்: "நமக்குப் புரியற மாதிரி ஒண்ணுமில்லீங்க சார், நீங்க அலையாம ஊட்டுலயே படுத்திருந்தது நல்லதாப் போச்சு."

தகடு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருக்கும் ஒருவரின் மகன் அதற்கடுத்த வருஷம் தேர்வானான். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கப் பட்டறைக்கே போனேன். அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு, படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, "ராக்கெட்டுக்கும் தகடு ஒட்டறதுதானுங்களே சார், மெல்லுசுத் தகடு சூட்டுல கோணிக்காம எப்படி ஒட்டுவாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது வேறு துறை என்று சமாளித்தேன்.

அந்த வருஷம் பயிற்சி முடிகிற நாளில் பெற்றோர் வந்து அழைத்துப்போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவரும் வந்தார், நானும் போனேன். பயிற்சிக்குப் பொறுப்பான மூத்த விஞ்ஞானி வரவேற்பறைக்கு வருவார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் கேட்பதற்காகத் திட எரிபொருள் எரியும் வேகத்தைப் பற்றி ஒரு கேள்வி தயாரித்து வைத்திருந்தேன். மறந்துவிடக் கூடாது என்று தாளில் எழுதி, ரயிலில் நாலு முறை திருத்தி, நான் வெறும் வாத்தியார் இல்லை என்று அவருக்குத் தெரிகிற மாதிரி முடித்திருந்தேன்.

அவர் வந்தார். நான் எழுந்து வணக்கம் சொல்லிக் கேள்வியைத் தொடங்கினேன். பாதி கேட்பதற்குள் பையன் தன் அப்பாவைக் காட்டி, டேங்கர் லாரி கட்டுகிறவர் என்று சொல்லிவிட்டான். விஞ்ஞானியின் முகமே மாறிவிட்டது. டேங்கர் தகடு எவ்வளவு கனம், வளையாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டார். "ஒரே இழுப்பா இழுக்கறதில்லீங்க. இங்க ஒரு விரக்கடை, அங்க ஒரு விரக்கடைன்னு தாவித் தாவி வெச்சுட்டு, ஆறவுட்டு நடுவுல சேத்துவனுங்க" என்று இவர் காற்றில் விரலை ஓட்டிக் காட்டினார். விஞ்ஞானி சிரித்து, தானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பழைய வெல்டரிடம் இதைத்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். இரண்டு பேரும் அரை மணி நேரம் பேசினார்கள். நான் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இடைவெளிக்காகக் காத்திருந்தேன். கடைசியில் விஞ்ஞானி என் பக்கம் திரும்பினார், மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்: "சார், தப்பா நினைக்காம கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா, உங்க நிழல் விழுந்து இவர் தரையில வரைஞ்சு காட்டறது மறைக்குது."

இரண்டு மெயில்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடியவை. இனிச் சொல்லப்போவது அப்படியல்ல.

ஆசிரியர்களுக்கென்று மையம் ஒரு வாரப் பயிற்சி நடத்துவதாக அறிவிப்பு வந்தது. உள்ளேயே தங்கலாம். யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பித்தேன். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆய்வகத்தில் உட்கார்ந்து மெயிலைத் திறந்தால், மையத்திலிருந்து இரண்டு வந்திருந்தன. முதலாவது எனக்கு. வயது வரம்பைத் தாண்டிவிட்டதால் என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலவில்லை. இரண்டாவது, எங்கள் கல்லூரியிலிருந்து இந்த வருஷம் ஒரே ஒருவர் தேர்வாகியிருக்கிறார், எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம் கோமதி. பெற்றோர் கையெழுத்தும் பொறுப்பாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட படிவம் திங்கள்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்து சேர வேண்டும். தவறினால் இடம் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும்.

கோமதியை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் வருஷத்தில் நான் கரும்பலகையில் போட்ட ஒரு கணக்கில் குறியைத் தவறாக எழுதிவிட்டேன் என்று வகுப்பு முடிந்த பிறகு தனியாக வந்து சொன்னவள். எல்லார் முன்னாலும் சொல்லவில்லை. அதற்காக அப்போது அவளைப் பிடித்திருந்தது. அன்றைக்கு அந்த மெயிலில் அவள் பெயரைப் பார்த்தபோது பிடிக்கவில்லை. இருபது வயதில் ஒரு படிவம் போட்டதும் கதவு திறந்துவிட்டதே என்று வயிறு எரிந்தது. மெயிலை மூடினேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் மூடினேன், அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் அவளே ஆய்வகத்துக்கு வந்தாள். "சார், மையத்துல இருந்து எதாச்சும் வந்துதுங்களா?" என்று கேட்டாள். என் வாய் "இல்லையே" என்றது. வேறு யாரோ சொன்னதைக் கேட்பதுபோல இருந்தது. அவள் உடனே போகவில்லை. மேசைமேல் கோணலாகக் கிடந்த அளவுகோலை நேராக்கி வைத்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சரிங்க சார், நீங்க நல்லாப் பாத்துட்டே சொல்லுங்க."

குமாரபாளையம்

ஞாயிற்றுக்கிழமை மோகனூரில் அக்கா வீட்டில் விருந்து. என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. ஆற்றங்கரையில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்க, நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். மெயில் ஸ்பாமுக்குப் போய்விட்டது, திங்கள் சாயங்காலம்தான் பார்த்தேன், ரொம்ப வருத்தமாக இருக்கிறது அம்மா. இதைச் சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை யோசித்துவிட்டேன். எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்தபோதுதான் எனக்கு என்மேல் பயம் வந்தது. ஆனாலும் அன்றைக்கு அவளுக்கு போன் செய்யவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

திங்கள் முதல் மணியில் அவள் வகுப்பில் இல்லை. அவள் இருந்திருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டிருப்பேனோ என்னவோ. காலியான அந்த இடத்தைப் பார்த்ததும் பாடத்தைப் பாதியில் நிறுத்தினேன். படிவத்தை அச்செடுத்து, அலுவலகத்தில் முத்திரையையும் மைப்பெட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பைக்கை எடுத்தேன். குமாரபாளையத்தில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்றே கால். தெரு முழுக்கத் தறிச் சத்தம். கோமதியின் அப்பா நாலு விசைத்தறி வைத்து ஓட்டுகிறவர். என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்திவிட்டு, சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்க சார், வெயில்ல வந்திருக்கறீங்க, உக்காருங்க" என்றார். நான் உட்காராமலே, ஒரு கையெழுத்து அவசரமாக வேண்டும் என்றேன்.

அவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அதே படிவம். நிரப்பி, கையெழுத்திட்டு, நான் போட வேண்டிய இடத்தை மட்டும் விட்டிருந்தது. பக்கத்தில் சனிக்கிழமைத் தேதி. மெயில் அவளுக்கும் நகலாகப் போயிருக்கிறது. மேலே எழுதியிருந்த இரண்டாவது முகவரியை நான் பார்க்கவே இல்லை. ஆய்வகத்தில் வந்து கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரியும். நூல் கண்டு அடுக்கியிருந்த அட்டைப்பெட்டியின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன். அவசரத்தில் அது கோணலாக விழுந்தது. போட்டோ எடுத்து அனுப்பினேன். பன்னிரண்டுக்குச் சில நிமிஷம் இருக்கும்போது, பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

உள்ளே தறியோரம் கோமதி நின்றுகொண்டிருந்தாள். வெளியே வரவில்லை. அவள் அப்பாவுக்கு எதுவும் தெரியாது என்பது அவர் சிரிப்பிலேயே தெரிந்தது. எனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பெருமையாகச் சொன்னார்: "அவசரமில்லீங்க சார், சாரே தேடிட்டு வருவாரு, அதுவரைக்கும் நாம ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னு பாப்பா சொல்லிப்போடுச்சுங்க."

சேலம் ஜங்ஷன்

அந்த வருஷம் அவளோடு ரயிலில் போனது என் வாழ்க்கையிலேயே நீளமான பயணம். அவள் அம்மாவும் கூட வந்ததால் பேச்சு சாப்பாட்டைத் தாண்டவில்லை. வரவேற்பறையில் பஸ் வந்ததும் கோமதி திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள். எட்டு வருஷத்தில் அப்படித் திரும்பிப் பார்த்தது அவள் ஒருத்திதான். அதற்கும் எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் திரும்பி வந்த நாளில் சேலம் ஜங்ஷனுக்குப் போனேன். அவள் அப்பா வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். அந்த ஐந்து நிமிஷம்தான் எனக்குக் கிடைத்தது. மெயில் வெள்ளிக்கிழமையே வந்தது, நான் பார்த்தேன், மறைத்தேன், உன்மேல் பொறாமைப்பட்டுத்தான் அப்படிச் செய்தேன், கல்லூரி முதல்வரிடமும் சொல்லிவிட்டேன், அடுத்த வருஷத்திலிருந்து இந்தப் பொறுப்பு வேறு ஒருவருக்கு என்றேன். இந்தப் பேச்சை ஒத்திகை பார்க்கவில்லை. அதனால் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

அவள் பையைக் கீழே வைத்தாள். "தெரியுமுங்க சார். அன்னிக்கு எனக்கு ரொம்பக் கோவம்" என்றாள். அழுதுவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் அழவில்லை, அப்பா வருகிறாரா என்று படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். அவள் அப்பா படிக்கட்டில் ஏறி வருவது தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேகமாகச் சொன்னாள்: "அங்க என்கூட இருந்த சென்னைப் புள்ளய மட்டும் கண்ட்ரோல் ரூமுக்குக் கூப்புட்டு, அதுகிட்டக் குடுன்னு என்கிட்டச் சீட்டுக் குடுத்தாங்க சார், ஒரு மணி நேரம் அத நோட்டுக்குள்ள வெச்சுட்டு உக்காந்திருந்தேன், அப்புறம் நீங்க பைக்ல வந்து எறங்குனது ஞாபகம் வந்துச்சு, எந்திரிச்சுப் போய்க் குடுத்துட்டேனுங்க."

எனக்கு மூன்று நாள் பிடித்ததை என் மாணவி ஒரு மணி நேரத்தில் முடித்திருக்கிறாள் என்பதால், அந்த ஒரு பாடத்திலாவது நான் சுமாரான ஆசிரியர்தான் என்று நினைத்துக்கொண்டு, இந்த வருஷம் அறிமுக வகுப்பு எடுக்கப் போகிற சிவக்குமாரைப் பார்த்து மறுபடியும் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.